மைக்கேல் விக்: ஏறிய வருஷங்களும் இறங்கிய வருஷங்களும் ஒன்றுதான்

#1 சாய்வுநாற்காலி

இன்றைய அமெரிக்க ஃபுட்பால் நட்சத்திரம் லமார் ஜாக்சன் பற்றிய இழையில் ஒருவர் "விக் மாதிரி ஓடுகிறான்" என்று எழுதப்போக, "எந்த விக், அந்த நாய்க்காரனா?" என்று இன்னொருவர் கேட்க, அப்புறம் நாற்பது பதிவுக்கு லமாரைக் காணோம். தனி இழை தொடங்கச் சொல்லி நடுவர் உத்தரவு. இதோ.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழைப் பையன், அபாரத் திறமை, பணம் வந்தது, சகவாசம் கெட்டது, விழுந்தான், திருந்தினான் என்றுதான் மைக்கேல் விக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். தேதிகளை எடுத்து வைத்துப் பாருங்கள், அப்படி இருக்காது. 2001 ஏப்ரலில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணி அவரை டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் தேர்வு) முதல் ஆளாக எடுத்தது. அதே வருஷம் ஜூனில் வர்ஜீனியாவின் சர்ரி கவுண்டியில் சுமார் 34,000 டாலருக்கு நிலம் வாங்கினார். நாய்ச்சண்டைக்காக வாங்கிய நிலம். நடுவில் இரண்டே மாதம். என்.எஃப்.எல் என்கிற அமெரிக்க ஃபுட்பால் லீகில் அதுவரை ஒரு பந்துகூட வீசியிருக்கவில்லை. 2007 ஏப்ரலில் போலீஸ் அந்த நிலத்துக்குள் போகும்வரை ஆட்டமும் நாய்களும் சேர்ந்தே நடந்தன. நாங்கள் எழுந்து நின்று கைதட்டிய ஆறு வருஷமும் அதே ஆறு வருஷம்தான்.

அந்த ஆறு வருஷமும் நான் அட்லாண்டாவில் இருந்தேன். திங்கட்கிழமை காலை ஆபீஸில் காபி மெஷின் பக்கம் போனால் முந்தின நாள் விக் ஓடிய ஓட்டத்தைக் கையில் காகிதக் கோப்பையோடு யாராவது நடித்துக் காட்டிக்கொண்டிருப்பார். விசா, கிரீன் கார்டு தவிர வேறு பேச்சே இல்லாத எனக்கு அந்த ஊர்க்காரர்களோடு பேச ஒரு விஷயம் கிடைத்ததே அவரால்தான். பையனுக்கு கறுப்பு நிறத்தில் 7ஆம் நம்பர் ஜெர்சி வாங்கிக் கொடுத்தேன். நாலு வயதுப் பையன், முழங்கால் வரை தொங்கும்.

அந்த ஜெர்சி இன்னும் பெட்டியில் கிடக்கிறது. யாருக்கும் கொடுக்கவும் மனசு வரவில்லை, குப்பையில் போடவும் இல்லை.

#2 திண்ணை

சார், நான் கிரிக்கெட் தவிர வேறு ஒன்றும் அறியேன். இவர் அப்படி என்னதான் ஆடினார்? கால்பந்து என்கிறீர்கள், படத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்.

#3 பெஞ்ச்சில்_இருப்பவன்

திண்ணை ஐயா, பெயர்தான் ஃபுட்பால். பந்து காலில் படுவது அபூர்வம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாலு முயற்சிக்குள் பந்தைப் பத்து யார்டு முன்னே கொண்டுபோக வேண்டும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் அது டச் டவுன். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்கு வரும். முன்னால் ஐந்து ஆஜானுபாகுகள் அவரைக் காத்து நிற்பார்கள். அந்தப் பாதுகாப்புக்குள் நின்றபடி, மூன்று நொடிக்குள், ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆட்களில் யார் தனியாக இருக்கிறார் என்று பார்த்து வீச வேண்டும். உங்கள் பாஷையில் சொன்னால் கிரீஸுக்குள் நின்று ஆடுகிற ஆட்டக்காரர். விக் கிரீஸைவிட்டு இறங்கி வந்து ஆடியவர். இறங்கி வந்தார் என்பதைவிட, மைதானத்தைவிட்டே வெளியே போய்விடுவாரோ என்கிற வேகத்தில் ஓடியவர். போதாக்குறைக்கு இடது கைக்காரர், மணிக்கட்டைச் சுண்டினாலே பந்து அறுபது யார்டு பறக்கும்.

யூடியூபில் 2002 டிசம்பர் 1, மினசோட்டா வைக்கிங்ஸ் ஆட்டத்தைத் தேடுங்கள். ஆட்டம் சமனாகி கூடுதல் நேரம். விக் 46 யார்டு ஓடி முடித்துவைக்கிறார். கடைசியில் தடுப்பாட்டக்காரர்கள் இருவர் ஆளுக்கொரு பக்கமிருந்து அவர்மேல் பாய்வார்கள். பாய்ந்த இடத்தில் விக் இல்லை. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுவார்கள். அன்று மட்டும் ஓடியே 173 யார்டு.

அடுத்த மாதம், 2003 ஜனவரி 4, கிரீன் பே நகரின் லாம்போ மைதானம். பனி கொட்டுகிறது. பேக்கர்ஸ் அணி சொந்த ஊரில் பிளே-ஆஃப் ஆட்டத்தில் அதுவரை தோற்றதே கிடையாது. ஃபால்கன்ஸ் 27, பேக்கர்ஸ் 7. விக்குக்கு வயது 22.

#4 சாய்வுநாற்காலி

நன்றி பெஞ்ச். கல்லூரிக் கதையும் ஒரு வரி: வர்ஜீனியா டெக் அணியில் முதல் வருஷமே ஒரு தோல்விகூட இல்லாமல் சாம்பியன்ஷிப் வரை கொண்டுபோனார். 2000 ஜனவரியில் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 46-29 என்று தோற்றார்கள். 28-7 என்று பின்தங்கியிருந்தவர்களை மூன்றாவது கால் பகுதி முடிவில் 29-28 என முன்னுக்குக் கொண்டுவந்தது விக்தான். தோற்ற அணியின் பையனைப் பற்றித்தான் மறுநாள் நாடு முழுக்கப் பேச்சு.

டிராஃப்டில் முதல் ஆளாக ஒரு கறுப்பின குவார்ட்டர்பேக்கை எடுத்ததும் அதுவே முதல் தடவை. "கறுப்பர்கள் ஓடுவார்கள், பிடிப்பார்கள், குவார்ட்டர்பேக்குக்கு வேண்டிய மூளை கிடையாது" என்று வெளிப்படையாகவே பேசிக்கொண்டிருந்த விளையாட்டு அது. கறுப்பின மக்கள் நிறைந்த அட்லாண்டா மாதிரி ஊரில் அந்தப் பையன் என்னவாக இருந்தார் என்பதை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

#5 ஒற்றைப்பனை

அதையும் சொன்னீர்களே, சந்தோஷம். இல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் "ஏறியதும் இறங்கியதும் ஒன்று" என்கிற உங்கள் வாதத்தில் ஒரு ஓட்டை. தேதியை 2001இல் தொடங்குகிறீர்கள். ஏன்? அவர் பிறந்தது 1980இல், நியூபோர்ட் நியூஸில். கப்பல் கட்டும் ஊர், அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. ரிட்லி சர்க்கிள் என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்தார். சின்ன வயதிலேயே தெருவில் நாய்ச்சண்டை பார்த்ததாகவும், அங்கே அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை என்றும் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். பணம் வந்ததும் சிலர் குதிரை வாங்குவார்கள், சிலர் படகு வாங்குவார்கள். இவர் தனக்குத் தெரிந்ததை வாங்கினார். சரி என்று சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

#6 நாலுகால்

எங்கிருந்து வந்தது என்பது எனக்கும் தெரியும். என்ன செய்தார் என்பதைத்தான் ஐந்து பதிவு ஆகியும் ஒருவரும் எழுதவில்லை. டச் டவுன் எழுத எல்லோருக்கும் கை வருகிறது!

நான் எழுதுகிறேன். முகவரி, மூன்லைட் சாலை. பேரைப் பாருங்கள். பதினைந்து ஏக்கர். முன்னால் இரண்டு மாடி வெள்ளை வீடு. பின்னால் மரங்களுக்குள்ளே கறுப்பு பெயின்ட் அடித்த கொட்டகைகள், ராத்திரியில் கண்ணில் படக்கூடாதென்று. ஒரு கொட்டகையின் மாடியில் சண்டைக்களம். வெளியே, கார் சக்கரங்களை இணைக்கும் இரும்பு அச்சைத் தரையில் செங்குத்தாகப் புதைத்து, அதில் சங்கிலி கட்டி நாய்களைப் பிணைத்திருந்தார்கள். அச்சு ஏன் தெரியுமா? நாய் சுற்றினால் கூடவே சுழலும், சங்கிலி முறுக்கிக்கொள்ளாது. பக்கத்து நாய் கண்ணில் படும், எட்டாது. வருஷக் கணக்கில் அப்படி.

சோதனைச் சண்டையில் சரியாகக் கடிக்காத நாய்களைச் சுட்டார்கள், தூக்கில் போட்டார்கள், தண்ணீரில் அமுக்கினார்கள், மின்சாரம் பாய்ச்சினார்கள். ஒன்றைத் தூக்கித் தரையில் அடித்தே கொன்றார்கள். 2007 ஏப்ரலில், போலீஸ் வருவதற்குச் சில நாள் முன்புகூட, ஆறிலிருந்து எட்டு நாய்கள். கூட்டாளிகளோடு சேர்ந்த முயற்சியில் அவை செத்தன என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் விக். வேலைக்காரன் செய்தது என்று தள்ளிவிட முடியாது.

எங்கள் வீட்டில் ஒரு பிட்புல் இருக்கிறது. காப்பகத்திலிருந்து எடுத்து வந்தோம், பெயர் சுண்டல். அந்த இனத்துக்கு அனுமதி இல்லை என்று இரண்டு அபார்ட்மென்ட்டில் இடம் தரவில்லை. காது இரண்டும் வெட்டப்பட்டு வந்தது. மேலே மின்விசிறி சுழல ஆரம்பித்தால் இன்றைக்கும் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஏன் என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியப்போவதில்லை.

#7 திண்ணை

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

#8 வக்கீல்குமாஸ்தா

வழக்குப் பக்கம் நான் கொஞ்சம் சொல்லலாமா? இதில் தப்புத் தகவல் நிறைய உலவுகிறது.

போலீஸ் தேடிப் போனது நாய்களை அல்ல. விக்கின் உறவினர் ஒருவர் போதைப்பொருள் வழக்கில் சிக்கினார். அவர் கொடுத்த முகவரி மூன்லைட் சாலை வீடு. 2007 ஏப்ரல் 25 அன்று அதைச் சோதனையிடப் போனவர்கள் கண்ட காட்சிதான் அக்கா எழுதியது. ஐம்பதுக்கு மேல் பிட்புல்கள். அந்த உறவினர் வேறு ஒரு முகவரியைச் சொல்லியிருந்தால் இந்த இழையே இருக்காது.

அதே வாரம் விக், என்.எஃப்.எல் கமிஷனர் ரோஜர் குடெல் முகத்தைப் பார்த்து, "அந்த வீட்டுப் பக்கமே நான் போவதில்லை, சொந்தக்காரர்கள் என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்கள்" என்கிற தோரணையில் பேசினார். ஃபால்கன்ஸ் முதலாளி ஆர்தர் பிளாங்க்கிடமும் அதே பாட்டு. ஜூலை 17இல் ஃபெடரல், அதாவது மத்திய அரசின், குற்றப்பத்திரிகை. அதில் பேட் நியூஸ் கென்னல்ஸ் என்று அவர்கள் வைத்துக்கொண்ட பெயர், மாநிலம்விட்டு மாநிலம் போய் நடத்திய சண்டைகள், பந்தயத் தொகைகள், கொன்ற முறைகள், எல்லாம் வரிசையாக. கூட்டாளிகள் மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆகஸ்ட் 27இல் விக்கும்.

டிசம்பர் 10இல் நீதிபதி ஹென்றி ஹட்சன் கொடுத்தது 23 மாதம். பலரும் எதிர்பார்த்ததைவிட அதிகம். காரணம் நாய்கள் மட்டுமல்ல. குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும் நாய்களைக் கொன்றதில் தன் பங்கைப் பற்றி நேராகப் பேசவில்லை. ஜாமீனில் இருக்கும்போது கஞ்சா சோதனையில் வேறு மாட்டினார். நீதிபதி முன்னால் நிற்கப்போகிற மனிதர் செய்கிற காரியமா அது?

இன்னொன்று. விலங்குச் சண்டையை ஃபெடரல் சட்டத்தில் பெருங்குற்றமாக மாற்றிய திருத்தத்தில் ஜனாதிபதி புஷ் கையெழுத்திட்டது 2007 மே 3. சோதனை நடந்து எட்டே நாள். நடந்து முடிந்ததற்கு அது பொருந்தாது. சதி, மாநிலம் கடந்து சட்டவிரோதத் தொழிலுக்குப் பயணம் என்கிற வழியில்தான் அவரைப் பிடித்தார்கள்.

#9 ஒற்றைப்பனை

குமாஸ்தா சார், சட்டம் சரி. நியாயத்தைக் கேட்கிறேன்.

2009 மார்ச்சில் டான்டே ஸ்டால்வொர்த் என்ற என்.எஃப்.எல் ஆட்டக்காரர் குடித்துவிட்டு மயாமியில் கார் ஓட்டி, சாலையைக் கடந்த ஒரு மனிதரைக் கொன்றார். நாய் இல்லை, மனிதர். அவருக்குச் சிறை 30 நாள், அதிலும் உள்ளே இருந்தது 24 நாள். விக் அப்போது கான்சஸின் லெவன்வொர்த் சிறையில், மணிக்கு 12 சென்ட் கூலிக்கு ராத்திரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

தொலைக்காட்சியில் டக்கர் கார்ல்சன் 2010இல் என்ன சொன்னார்? விக்குக்கு மரண தண்டனை கொடுத்திருக்க வேண்டும் என்று! அப்புறம் கொஞ்சம் பின்வாங்கினார். விக்குக்கு மறுவாய்ப்பு கொடுத்ததற்காக ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் முதலாளியை ஒபாமா தொலைபேசியில் பாராட்டினார் என்ற செய்திக்குத்தான் அந்த ஆவேசம். நாயைப் பற்றிய கோபம் மட்டும்தானா அது?

#10 வக்கீல்குமாஸ்தா

ஸ்டால்வொர்த் தப்பி ஓடவில்லை, அங்கேயே நின்றார், போலீஸை அழைத்தார், இறந்தவர் குடும்பத்தோடு சமரசம் செய்துகொண்டார். அது மாநில வழக்கு, இது ஃபெடரல் வழக்கு. இரண்டுக்கும் தராசு வேறு. தராசுகள் வேறாக இருப்பது சரியா என்று கேட்டால் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் அந்த வழக்கில் குறைவாகக் கொடுத்தார்கள் என்பதற்கு இந்த வழக்கில் குறைப்பது பரிகாரமாகாது.

#11 நாலுகால்

ஒற்றைப்பனை, நிற வெறி இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். 2011இல் ஒரு பெரிய விளையாட்டு இதழ் விக் வெள்ளைக்காரராகப் பிறந்திருந்தால் என்று கேட்டு, அவர் முகத்தை வெள்ளையாக மாற்றியே படம் போட்டது. அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த அச்சில் கட்டப்பட்டிருந்த நாய்க்கு அதனால் என்ன?

#12 மூக்குப்பொடி

பீட்டா பற்றி ஒருவரும் பேசவில்லையே? ஜல்லிக்கட்டுக்குத் தடை கேட்டு ஓடி வந்தவர்கள், அங்கே இந்த நாய்களையெல்லாம் ஊசி போட்டுக் கொன்றுவிடலாம் என்றவர்கள்தானே? 2017இல் மெரினாவில்

#13 நடுவர்

மூக்குப்பொடி, ஜல்லிக்கட்டுக்கு 212 பக்க இழை ஒன்று இருக்கிறது, அங்கே போங்கள். முதல் பாதியை மட்டும் இங்கே விட்டுவைக்கிறேன், அது விஷயத்தோடு சேர்ந்தது.

#14 நாலுகால்

அந்த முதல் பாதி உண்மைதான், அதுவும் பீட்டா மட்டுமல்ல. பெரிய விலங்கு நல அமைப்புகளே அப்படித்தான் நினைத்தன. சண்டைக்கு வளர்த்த நாய் திருந்தாது, வேதனைப்படுத்தாமல் கொன்றுவிடுவதே கருணை என்பதுதான் அதுவரை வழக்கம். வழக்கு முடிந்ததும் நாய்களும் முடியும்.

இந்த வழக்கில் வேறு மாதிரி நடந்தது. ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்கச் சொல்லி ஆட்களை அழைத்தார்கள். ரெபெக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியரை நாய்களுக்குப் பாதுகாவலராக நீதிமன்றம் நியமித்தது. விக் கட்ட வேண்டிய தொகை 9,28,073 டாலர், நாய்களின் பராமரிப்புக்கு. சோதித்தவர்கள் ஐம்பது மிருகங்களை எதிர்பார்த்துப் போனார்கள். பார்த்தது பெரும்பாலும் பயந்து தரையோடு ஒட்டிக்கொண்ட நாய்களை. மூர்க்கம் தணியாது என்று கொல்ல வேண்டி வந்தது ஒன்றே ஒன்றைத்தான்.

22 நாய்கள் யூட்டா மாநிலம் கனாப் ஊரில் இருக்கிற சரணாலயத்துக்குப் போயின. அதில் லூகாஸ் என்பது களத்தில் ஜெயித்துக்கொண்டே இருந்த நாய். அதை யாருக்கும் தத்துக் கொடுக்கக் கூடாது, ஆயுள் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு. முகம் முழுக்கத் தழும்பு. மனிதர்களைக் கண்டால் வாலாட்டுமாம். கலிஃபோர்னியாவுக்குப் போன லியோ புற்றுநோயாளிகளுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது. ஜானி ஜஸ்டிஸ் என்ற இன்னொன்று, குழந்தைகள் புத்தகம் வாசித்துக் காட்ட, பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்.

சுண்டலுக்கு எங்கள் ஊரில் ஒரு காப்பகம் கிடைத்ததென்றால் அதற்கு அந்த நாய்கள்தான் காரணம்.

#15 பெஞ்ச்சில்_இருப்பவன்

நான் மறுபடி மைதானத்துக்கே போகிறேன், மன்னிக்கவும். சாய்வு சாரின் வாதத்துக்கு ஆட்டத்திலிருந்தே சாட்சி இருக்கிறது.

2004 டிசம்பரில் ஃபால்கன்ஸ் அவரோடு பத்து வருஷத்துக்கு 13 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. 3.7 கோடி கையெழுத்து போனஸ். லீகில் அன்றைக்கு அதுவே ஆகப் பெரியது. 2006இல் 1,039 யார்டு ஓடினார். ஒரே சீசனில் ஆயிரம் தாண்டிய முதல் குவார்ட்டர்பேக். அதே வருஷம் அவர் வீசிய பந்துகளில் தன் ஆள் கையில் சேர்ந்தது 52.6 சதவீதம். நூற்றுக்கு ஐம்பத்திரண்டு! ஒரு குவார்ட்டர்பேக்குக்கு அது பாஸ் மார்க்கே இல்லை. பயிற்சிக்குக் கடைசியாக வந்து முதலாவதாகக் கிளம்பிப் போகிற ஆள் நான் என்று அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். எதிரணியின் ஆட்டத்தை வீடியோவில் உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் பேருக்குத்தான். கால் காப்பாற்றும் என்ற தைரியம்.

மேடன் என்ற ஃபுட்பால் வீடியோ கேமின் 2004 பதிப்பு அட்டையில் அவர் படம். அதில் விக்கை எடுத்தால் தோற்கவே முடியாது. எங்கள் ஹாஸ்டல் அறையில் விக்கை எடுப்பவன் ராத்திரி பீட்ஸா வாங்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. நிஜ ஆட்டத்திலும் அவர் அந்த கேமைத்தான் ஆடிக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

சிறைக்குப் பிறகு பாருங்கள். 2009 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் எடுத்தது, முதல் வருஷத்துக்கு 16 லட்சம் டாலர். பயிற்சி மைதான வாசலில் தட்டி பிடித்துப் போராட்டம். 2010 முதல் ஆட்டத்தில் கெவின் கோல்ப் தலையில் அடிபட்டு வெளியே போக, விக் உள்ளே வந்தார். அந்த வருஷம் 62.6 சதவீதம், 21 டச் டவுன் பாஸ், எதிரி பிடித்தது 6 மட்டும். பயிற்சியாளர் ஆண்டி ரீடிடம் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று ஒவ்வொரு வீச்சிலும் தெரியும். நவம்பர் 15, வாஷிங்டனில், திங்கட்கிழமை ராத்திரி, மழை. முதல் பந்தே டிசான் ஜாக்சனுக்கு 88 யார்டு. முதல் கால் பகுதி முடியும்போது 28-0. கடைசியில் 59-28. வீசியது 4 டச் டவுன், ஓடியது 2. ஒரு குவார்ட்டர்பேக் ஒரே ராத்திரியில் அதைவிட நன்றாக ஆடி நான் பார்த்ததில்லை.

அதாவது, அவருடைய உச்சம் வீழ்ச்சிக்கு முன்னால் இல்லை. பின்னால்.

#16 சாய்வுநாற்காலி

பெஞ்ச், இது நான் யோசிக்காத கோணம். ஆனால் என் கணக்கை இன்னும் குழப்புகிறது. அந்த ராத்திரி ஆட்டத்தை நானும் பார்த்தேன். மனைவி தூங்கிவிட்டாள், சத்தத்தை அணைத்துவிட்டு இருட்டில். 88 யார்டு பந்து காற்றில் இருக்கும்போதே எழுந்து நின்றுவிட்டேன். நின்ற பிறகுதான் வெட்கமாக இருந்தது. உட்காரவும் இல்லை.

#17 ஒற்றைப்பனை

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? தண்டனை அனுபவித்தார். 2008இல் திவால் மனு போட்டார். திவால் என்றால் நம்மூரில் கைவிரித்துவிட்டுப் போவதுதான் நமக்குத் தெரியும். இவர் ஈகிள்ஸ் சம்பளத்திலிருந்து வருஷா வருஷம் கட்டி, 1.7 கோடி டாலருக்கு மேல் கடனைத் திருப்பினார். விலங்கு நல அமைப்போடு சேர்ந்து பள்ளிப் பையன்களிடம் போய்ப் பேசினார். நாய்ச்சண்டையை வேடிக்கை பார்ப்பதையும் குற்றமாக்கும் மசோதாவுக்கு ஆதரவு தெரிவிக்க 2011இல் வாஷிங்டன் போனார். வேறென்ன செய்ய வேண்டும்? இன்னும் எத்தனை வருஷம்?

#18 நாலுகால்

எத்தனை வருஷம் என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

2012இல் நன்னடத்தைக் காலம் முடிந்ததும் அவர் வீட்டில் நாய் வாங்கினார், பிள்ளைகளுக்காக. அந்தச் செய்தியைப் படித்தபோது கை நடுங்கியது எனக்கு. "அவனுக்கு எப்படி மனசு வந்தது" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் மட்டும், "பிள்ளைகள் என்ன தப்பு செய்தார்கள்?" என்றார். பதில் இல்லை. கோபம் மட்டும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

2020 புரோ பௌல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குக் கௌரவக் கேப்டன் என்று அவர் பெயரை அறிவித்தபோது எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்ட லட்சக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தி. அதற்காக வருத்தப்படவில்லை. அந்த மசோதாவுக்கு அவர் போய் நின்றதற்காக நன்றியும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

#19 மூக்குப்பொடி

இன்னொரு துணுக்கு. 2007இல் மிஸௌரியில் ஒரு பெண் தன்னிடமிருந்த விக் படம் போட்ட அட்டைகளை நாய்களிடம் கொடுத்து மெல்லவிட்டு, அந்தக் கடிபட்ட அட்டைகளை ஈபேயில் ஏலம் போட்டார். ஏழாயிரம் டாலருக்கு மேல் போயிற்று. பணம் விலங்கு நலனுக்கு. நடுவர் ஐயா, இது விஷயத்தோடு சேர்ந்ததா?

#20 நடுவர்

சேர்ந்ததே.

#21 வக்கீல்குமாஸ்தா

ஃபால்கன்ஸ் பக்கம் நடந்ததையும் ஒருவர் எழுதலாம். 2007 மார்ச்சில், விக் இருக்கிறாரே என்ற நம்பிக்கையில், நல்ல மாற்று ஆட்டக்காரரான மாட் ஷாபை ஹூஸ்டனுக்கு விற்றுவிட்டார்கள். அடுத்த மாதம் மூன்லைட் சாலை. அந்த வருஷம் 4 வெற்றி, 12 தோல்வி. விக்குக்குத் தீர்ப்பு வந்த டிசம்பர் 10 அன்று ராத்திரியே அட்லாண்டாவில் அவர்களுக்கு ஆட்டம். அதில் தோற்று, மறுநாள் பயிற்சியாளர் பாபி பெட்ரினோ ராஜினாமா செய்துவிட்டு ஒரு கல்லூரி அணிக்குப் போய்விட்டார். கொடுத்த போனஸைத் திருப்பிக் கேட்டு நிர்வாகம் சண்டை போட்டது தனிக் கதை. அதில் பெரும்பகுதியை விக் வைத்துக்கொள்ளலாம் என்றே நீதிமன்றம் சொன்னது. ஊருக்கு உபதேசம் சொன்ன லீகும் ஸ்பான்சர்களும் அந்த ஆறு வருஷத்தில் அவர் சட்டையை விற்றுச் சம்பாதித்ததை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

#22 சாய்வுநாற்காலி

அந்தச் சட்டைகளில் ஒன்று என் பெட்டியில்.

2015இல் பிட்ஸ்பர்க் அணிக்கு ஆடியதோடு விக்கின் ஆட்டம் முடிந்தது. 2017 ஜூனில் ஃபால்கன்ஸ்காரராகவே ஓய்வு பெற்றார், அட்லாண்டாவில் விழா எடுத்தார்கள். ஓடியது மொத்தம் 6,109 யார்டு. குவார்ட்டர்பேக்குகளில் அதுதான் முதலிடம், 2024 கிறிஸ்துமஸ் அன்று லமார் ஜாக்சன் தாண்டும்வரை. அதே டிசம்பரில் நார்ஃபோக் ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்தது. பிறந்த ஊருக்குத் தண்ணீரைத் தாண்டி அக்கரை. 88 யார்டு பந்தைப் பிடித்த டிசான் ஜாக்சனுக்கும் அதே சமயம் டெலவேர் ஸ்டேட்டில் அதே வேலை. 2025 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியா மைதானத்திலேயே இருவர் அணியும் மோதின. டிசான் ஜெயித்தார்.

மூன்லைட் சாலை வீட்டை 2011இல் ஒரு நாய் மீட்பு அமைப்பு வாங்கியது. சங்கிலியில் கட்டிவைத்த நாய்களை மீட்பதுதான் அவர்கள் வேலை. ரிச்மண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பையன்தான் காரை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னான். அவனுக்கு இப்போது 24 வயது, ஜெர்சி ஞாபகமே இல்லை என்கிறான். சாலையில் வயல், பைன் மரங்கள், தபால் பெட்டிகள். நிறுத்தவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினேன். எங்கேயோ உள்ளே நாய் குரைத்தது.

#23 திண்ணை

எல்லோருக்கும் வணக்கம். பெஞ்ச் தம்பி சொன்ன 46 யார்டு ஓட்டத்தை யூடியூபில் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, பதினோரு தடவை பார்த்தேன். அந்த இரண்டு பேர் மோதிக்கொள்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வந்தது. பேரனையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம் தேதியைப் பார்த்தேன். 2002 டிசம்பர். அக்கா சொன்ன அந்த நாய்கள் அப்போது அங்கே இருந்தனவா?

#24 வக்கீல்குமாஸ்தா

இருந்தன ஐயா.